ஆயுள் சந்தா

வேண்டாமுங்க தம்பி. எம்பேச்சைக் கேளுங்க, வேண்டாம். வருசச் சந்தா கட்டறதா ஆயுள் சந்தா கட்டறதான்னு கேட்டீங்கல்ல? ரெண்டும் வேண்டாம். வந்த வழியே வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிருங்க.

அட, ஒக்காருங்க. ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம். இந்த பேக்கரியில டீ நல்லாருக்கும், நான் தெனமும் இங்கதான். எதுத்தாப்புல பச்சைக் கேட்டு தெரியுதுங்களா, அதுதான் நீங்க தேடி வந்த ரைபிள் கிளப்பு. இல்லீங், நான் உள்ள வர மாட்டேன். அந்தக் கேட்டைப் பாத்தாலே எனக்கு ஓங்கரிச்சுக்கிட்டு வருது. ஏன்னு சொல்றேன், ஒக்காருங்க.

எம்பேரு சென்னியப்பன். இந்த ஊருல பம்புசெட்டுன்னா நம்ம கடைதான். யார வேண்டுனாலும் கேட்டுப் பாருங்க. பையன் ஆஸ்திரேலியா போய்ச் சேந்தப்பறம் கடையக் கைமாத்திப்போட்டேன். நான் அந்தக் கிளப்புல ஆயுள் உறுப்பினருங்க. இருந்தேன். பித்தளைத் தகட்டுல எம்பேரு வெட்டி உள்ள செவத்துல மாட்டியிருந்தாங்க. இப்பக் கழட்டிப்போட்டாங்களாம். ஆயுள்னா என்னங்க அர்த்தம்? மனுசன் சாகற வரைக்கும்னுதான? நான் செத்தா போயிட்டேன்? உங்க முன்னால ஒக்காந்து டீ குடிச்சுட்டு இருக்கறேன்.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

எம்பட சித்தப்பன் மகன் கொழந்தைவேலு இருக்கறான். தோட்டத்துல காட்டுப்பன்னி வருதுன்னு சொல்லித் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கிப்போட்டான். பன்னியச் சுட்டானோ இல்லையோ, ஆயுதபூசை அன்னிக்கு அதைத் தொடச்சு, சந்தனம் வெச்சு, மாலை போட்டு வாசல் ரூமுல வெப்பான். வர்ற சொந்தபந்தம், ஒறம்பரை சனமெல்லாம் அதைத்தான் பாக்கும். என்னைய ஒருத்தன் பாக்க மாட்டான். அவன் என்னைய விடச் சின்னவனுங்க. சரி, நாமளும் ஒண்ணு வாங்குவோம்னு மனு போட்டேன். தள்ளிப்போட்டாங்க. கேட்டா, ஸ்டேசன்ல எம்பேர்ல பழைய கேசு கெடக்குதாம். வரப்புத் தகராறுங்க, எந்தக் காலத்துலயோ. பக்கத்துக் காட்டுக்காரன் மம்புட்டியத் தூக்கிக்கிட்டு வந்தான், நான் ஒண்ணு வெச்சேன், அவன் மண்டைய ஒடச்சுக்கிட்டான். அதுக்கு நான் என்ன பண்றது?

அப்பறம்தான் ஒருத்தர் சொன்னாரு, ரைபிள் கிளப்புல ஆயுள் உறுப்பினரா இருந்தா லைசென்ஸ் கொஞ்சம் லேசாக் கெடைக்கும்னு. ஓடி வந்து சேந்தேன். ஆயுள் சந்தா கட்டுனா வீட்டம்மாவும் அதே சந்தாவுல வந்து சுட்டுப் பழகலாம்னாங்க. நான் சிரிச்சேன். எம்பட சம்சாரம் சாந்தாமணி, பட்டாசுக்கே காதைப் பொத்திக்கிட்டு சமையக்கட்டுக்குள்ள போயிருவா. கதவு டப்புனு சாத்துனாக்கூட ஒடம்பு தூக்கிப்போடும் அவளுக்கு. அப்படி ஒரு பயங்கொள்ளி.

ஆனா அவளைக் கூட்டிக்கிட்டுத்தான் வரோணும். எனக்கு முட்டி ஆபரேசன் ஆயிருந்துச்சு, வண்டி ஓட்டக் கூடாது. அவதான் ஸ்கூட்டியில கூட்டிக்கிட்டு வருவா. நான் உள்ள சுடுவேன், அவ வேப்பமரத்தடியில பிளாஸ்டிக் சேர்ல ஒக்காந்திருப்பா.

கோச்சு ஒரு ஆளு இருக்கறாரு, தனிஸ்லாஸ்னு. திண்டுக்கல் பக்கம். மிலிட்டரியில சுபேதாரா இருந்து வந்த ஆளு, எழுவது வயசு இருக்கும். எல்லாத்துக்கும் காரணம் அந்த மனுசன்தான். ஒரு நாள் சும்மா இருக்க மாட்டாம, "அம்மா, வெயில்ல எதுக்கு ஒக்காந்திருக்கீங்க, உள்ள வந்து ஒரு தடவ புடிச்சுப் பாருங்க"ன்னாரு. காத்துத் துப்பாக்கிதான், கைத்துப்பாக்கி. சின்ன ஈயக் குண்டு. பத்து மீட்டர் தள்ளி அட்டை மாட்டியிருப்பாங்க, நடுவுல கறுப்பு வட்டம். அவ என்னையப் பாத்தா. "போ, போய்ச் சுடு, எல்லாரும் கொஞ்சம் சிரிக்கட்டும்"னேன்.

சுட்டா. அஞ்சு குண்டு. அட்டையக் கொண்டாந்து பாத்தா, அஞ்சும் ஒரு எட்டணாக் காசுக்குள்ள கெடக்குது.

தனிஸ்லாசு அப்படியே நின்னுட்டாரு. "அம்மா, உங்களுக்கு மூச்சை நிறுத்தத் தெரியுது. ஒடம்பு ஆடவே இல்ல. இது வர்றதுக்கே பசங்களுக்கு ஒரு வருசமாகும். எங்கம்மா பழகுனீங்க?"ன்னாரு.

அதுக்கு இவ, "வீட்டுலதானுங்க"ங்கறா.

வீட்டுல என்னத்தப் பழகுனா? ரசம் வெச்சுப் பழகுனா! எல்லாரு முன்னாலயும் இப்படி அர்த்தங்கெட்டத்தனமா ஒரு பதிலு. எனக்கு அவமானமாப் போயிருச்சு. ஆனா அந்த ஆளு சிரிக்கல. என்னைய ஒரு பார்வை பாத்தாரு. அன்னிக்கே எனக்கு அந்த ஆளைப் புடிக்கல.

டீ ஆறுது, குடிங்க.

அதுலருந்து என்னைய விட்டுப்போட்டு அவளைப் புடிச்சுக்கிட்டாங்க. சந்தா கட்டுனவன் நானு. எம்பட குண்டெல்லாம் அட்டையத் தாண்டிப் போவுது, எவனும் வந்து என்ன ஏதுன்னு கேக்கல. கேட்டா, "கோவத்தோட புடிக்கறீங்க சார், கை அதைக் காட்டுது"ன்னாரு தனிஸ்லாசு. துப்பாக்கி கோளாறுன்னு ஒத்துக்க மாட்டாரு. அவகிட்ட மட்டும் "சபாசும்மா, சபாசும்மா"ன்னு. இருவது வயசுப் பொண்ணுக நாலு பேரு பழக வருவாளுக, அவளுகளும் "ஆன்ட்டி, ஆன்ட்டி"ன்னு இவளச் சுத்திக்கிட்டு. இவ சிரிப்பா. அந்தச் சிரிப்பை நான் வீட்டுல பாத்ததே கெடையாது. இத்தன வருசம் சோறு போட்டவனுக்கு இல்லாத சிரிப்பு.

வீட்டுல என்ன நடந்துச்சு தெரியுமா? வெடியக்காலம் எந்திரிச்சு, செவத்துல பேனாவுல ஒரு கறுப்புப் பொட்டு வெச்சு, தண்ணி நெறஞ்ச பாட்டில ஒத்தக் கையில நீட்டிப் புடிச்சுக்கிட்டு அந்தப் பொட்டையே பாத்து நிப்பா. சாமி கும்பிடற மாதிரி. கூப்பிட்டாக் காது கேக்காது. பெயிண்டு அடிச்ச செவுருங்க! ஒரு நாள் காப்பி கேட்டேன், ரெண்டு வாட்டி கேட்டேன், திரும்பல. பாட்டிலப் புடுங்கி வீசுனேன். அது போய்ச் சாமி படத்துல பட்டுக் கண்ணாடி நொறுங்கிப்போச்சு. எவனுக்குத்தாங்க கோவம் வராது? முன்னாடியெல்லாம் நான் ஒரு சத்தம் போட்டா அழுவா, அப்பறம் நானே போய் மல்லிகைப்பூ வாங்கிக்கிட்டு வருவேன், சரியாப் போயிரும். அன்னிக்கு அழுவல. கண்ணாடியக் கூட்டி அள்ளிப்போட்டு வேற பாட்டில எடுத்துக்கிட்டா. பாத்துக்குங்க, எப்படித் தலைக்கேறிப் போச்சுன்னு.

மாவட்டப் போட்டி வந்துச்சு. அம்பது வயசுக்கு மேல பொம்பளைகளுக்குத் தனியா ஒரு பிரிவு. மொதப் பரிசு வாங்கிப்போட்டா. பேப்பர்ல படம் போட்டான். கீழ என்ன போட்டான்? "சாந்தாமணி". அவ்வளவுதான். சென்னியப்பன் மனைவின்னு போட்டா மை தீந்தா போயிரும்? கொழந்தைவேலு போன் போட்டான். "ஏனுங்ணா, இனிமே வீட்டுல பாத்து சூதானமா நடந்துக்கோணும்போல"ன்னு சொல்லிச் சிரிக்கறான். ஒறம்பரைக மொத்தமும் சிரிச்சுச்சு. நான் சோறு திங்கல அன்னிக்கு. சாந்தாமணி தின்னா. நல்லாவே தின்னா.

அப்பறம் மாநிலப் போட்டிக்குப் போகோணும்னா நெச ரவை போட்டுச் சுடற துப்பாக்கியிலயும் பழகுனாத் தேவலைன்னு தனிஸ்லாசு சொன்னாரு. அதுக்கு லைசென்ஸ் வேணும். விளையாட்டுக்காரங்கன்னு மனு போடலாம், கிளப்பே சிபாரிசு பண்ணும்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். யாரு பேருல இருந்தா என்ன, துப்பாக்கி வீட்டுக்கு வந்துருமில்ல? ஆயுதபூசைக்கு நம்ம வாசல் ரூமுலயும் ஒண்ணு இருக்கும். நானே முன்ன நின்னு அவ கையெழுத்த வாங்கி அனுப்பி வெச்சேன். மனசாரத்தான் பண்ணுனேன், சாமி சத்தியமா.

விசாரிக்கறதுக்கு ஒரு எஸ்.ஐ. வீட்டுக்கு வந்தாரு. சின்ன வயசு. சோபாவுல ஒக்காந்து அவளைக் கேக்கறாரு. யார் யாரு இருக்கீங்க, வேல என்ன, கேசு கீசு இருக்குதா. நான் பதில் சொல்லச் சொல்ல, "அம்மா சொல்லட்டுங்க"ங்கறாரு. எம்பட வீட்டுல, எம்பட சோபாவுல ஒக்காந்துக்கிட்டு! கடைசியா, "ஏம்மா, இந்த வீட்டுக்குள்ள துப்பாக்கி இருந்தா யாருக்காச்சும் ஆபத்து வருமா?"ன்னு கேட்டாரு. வழக்கமாக் கேக்கற கேள்விதான்.

சாந்தாமணி அந்த மனுத் தாளையே பாத்துக்கிட்டு இருந்தா. நான், "சொல்லு, யாருக்கு என்ன ஆபத்து"ன்னேன். அவ என்னையப் பாக்கல. அந்த எஸ்.ஐ.யைப் பாத்து, "வேண்டாங்க சார். வீட்டுல துப்பாக்கி வேண்டாம். மனுவத் திருப்பி எடுத்துக்கறேன்"ங்கறா.

அப்பக்கூட நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பயங்கொள்ளி, பயந்துட்டான்னுதான் நெனச்சேன். பொம்பளைக்கு வீட்டுல துப்பாக்கி இருந்தாப் பயமாத்தான இருக்கும்? எஸ்.ஐ. எந்திரிச்சாரு. போறப்ப கேட்டுக்கிட்ட நின்னு ஒரு சீட்டுல அவரு போன் நம்பரை எழுதி அவ கையில குடுத்துட்டுப் போறாரு. புருசன் நிக்கறேன் பக்கத்துல! போலீசுக்காரனுக்குக் கூச்ச நாச்சம் வேண்டாமுங்களா? த்தூ.

உள்ள வந்து கேட்டேன், ஏன்டி வேண்டாம்ன, எத்தன வருச ஆசை எனக்குன்னு. டீ டம்ளரை எடுத்துக்கிட்டு சமையக்கட்டுக்குப் போறா. கையப் புடிச்சு ஒரு திருகு திருகுனேன். அவ்வளவுதான். அது என்னமோ பூ மாதிரிக் கையி, மணிக்கட்டு வீங்கிக்கிச்சு. நானேதான் ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு அவளே சொன்னா. எப்பவும் அப்படித்தான் சொல்லுவா, அந்த அறிவு இருந்துச்சு அவளுக்கு.

ஆனா கிளப்புல கேட்டாங்க. தனிஸ்லாசு அவ மணிக்கட்டுல போட்டிருந்த கட்டையும் அதுக்கு மேல கன்னிப்போன எடத்தையும் பாத்துட்டு, அவளைக் கேக்காம நேரா எங்கிட்ட வந்தாரு. "சென்னியப்பன் சார், பாத்ரூம்ல விழுந்தா உள்ளங்கை செராயும். இதுல வெரலு பதிஞ்சிருக்குது"ன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. ஆனா அந்த நாலு பொண்ணுகளும் காதக் குடுத்துக்கிட்டு நிக்கறாளுக. "இது துப்பாக்கி சுடற எடமா, இல்ல பஞ்சாயத்து பண்ற எடமா? எங்க வீட்டு விசயம், நீ யாரு கேக்க?"ன்னேன். அவரு, "அந்தக் கை இந்தக் கிளப்போட கை சார்"ன்னாரு. கேட்டீங்களா கதையை? தாலி கட்டுனவன் நானு, கை கிளப்போடதாம்! என்ன கருமம் புடிச்ச பேச்சு இது? அந்த எடத்துலதான் எனக்குக் கொமட்ட ஆரம்பிச்சது, இன்னும் நிக்கல.

இனி அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு சொல்லி ஸ்கூட்டிச் சாவிய வாங்கி வெச்சேன். கட்டுப் பிரிச்ச மறுநா, நான் வெளிய போய்ட்டு வந்து பாத்தா வீடு பூட்டிக் கெடக்குது. பஸ்ஸேறிப் போயிருக்கறா. எனக்குத் தெரியாதா எங்க போவான்னு? ஆட்டோ புடிச்சு வந்தேன். நேரா உள்ள போனேன். வரிசையா நின்னு சுட்டுட்டு இருக்கறாங்க. செகப்புக் கொடி போட்டிருந்தா யாரும் கோட்டைத் தாண்டக் கூடாதுன்னு ஒரு சட்டம். எனக்கா சட்டம்? நான் ஆயுள் உறுப்பினரு. பின்னால இருந்து கூப்பிட்டேன், திரும்பல. சைடுல சுத்திக் கோட்டைத் தாண்டி அவ முன்னால போய் நின்னேன். "நட வீட்டுக்கு"ன்னேன்.

எல்லாரும் கத்தறாங்க. "நிறுத்து, நிறுத்து"ன்னு தனிஸ்லாசு தொண்டை கிழியக் கத்தறாரு. அவ கை நீட்டுன மேனிக்கு நிக்குது. அதுக்கு நேரா நான். எம்பட முதுகுக்குப் பின்னால அட்டை.

என்ன பண்ணுனான்னு நெனைக்கறீங்க? மெதுவாத் துப்பாக்கியக் கீழ எறக்குனா. லீவரத் தொறந்தா, குண்டை எடுத்தா, மேசையில வெச்சா, துப்பாக்கி வாய் அட்டைப் பக்கம் பாத்த மாதிரி. ரெண்டு எட்டு பின்னால போய் நின்னா. எல்லாம் அவங்க சொல்லிக் குடுத்த மொறை. அதுக்கப்பறம்தான் என்னையப் பாத்தா. தம்பி, முப்பது வருசத்துக்கு மேல அவ கூடக் குடும்பம் நடத்தியிருக்கறேன். நான் முன்னால போய் நின்னா அவ கண்ணுல ஒண்ணு வரும். அது அன்னிக்கு இல்ல. கோவமுமில்ல, பயமுமில்ல. ரோட்டுல போற ஒரு ஆளப் பாக்கற மாதிரி. எனக்கு அதுதான் அருவருப்பாப் போச்சு. கட்டுன புருசன அப்படிப் பாக்கலாமுங்களா?

கமிட்டி கூட்டுனாங்க. செயலாளரு ஒரு பல்லு டாக்டரு. கோட்டைத் தாண்டுனது உசுரு போற குத்தம், உங்க பேரை எடுக்கறோம்னாரு. ஆயுள் சந்தாங்கன்னேன். "ஆயுள் இருந்தாத்தான ஆயுள் சந்தா, அது போகாம இருக்கறதுக்குத்தான சட்டம்"ங்கறாரு, பெரிய பேச்சாளராட்டம். சரி, சாந்தாமணி இருக்கறாளே, ஒரு வார்த்தை சொல்லுவா, பெரிய மனசு பண்ணுங்கன்னு கேப்பான்னு பாத்தேன். அவளையும் கேட்டாங்க, "நீங்க ஏதாச்சும் சொல்றீங்களாம்மா?"ன்னு. எந்திரிச்சு நின்னா. "இவரு பேரு போனா எம்பட பேரும் போயிருமுங்களா?"ன்னு கேட்டா. ஆமா, அவரு சந்தாவுலதான நீங்க இருக்கீங்கன்னாங்க. "அப்படின்னா எனக்குத் தனியா ஒண்ணு குடுங்க"ங்கறா. வருசத்துக்கான்னு கேக்கறாரு டாக்டரு. அவ கழுத்துல கெடந்த செயினத் தொட்டுப் பாத்துக்கிட்டு, "இல்லீங்க, ஆயுளுக்கு"ங்கறா.

அவங்கப்பன் போட்ட செயினு. வித்துப்போட்டா.

அந்தப் பொண்ணுக கை தட்டறாளுக. பல்லு டாக்டரு கை தட்டறான். தனிஸ்லாசு கண்ணாடியக் கழட்டித் தொடைக்கறாரு. ஒரு குடும்பம் நாசமாப் போறதைப் பாத்துக் கை தட்டற கூட்டமுங்க அது! அதுக்கு ஆயுள் சந்தா வேற கட்டோணுமாம். நல்ல குடும்பத்துல பொறந்த எவனாச்சும் அந்தக் கேட்டுக்குள்ள காலு வெப்பானா?

இப்பவா? அவ அக்கா வீட்டுல இருக்கறா. சும்மா, ஒரு மாத்தத்துக்கு. ஆடி பதினெட்டுக்கு வந்துருவான்னு பாத்தேன். தீபாவளிக்குப் பொடவை எடுத்து வெச்சேன். பொங்கலுக்குப் பையன் போன் பண்ணுனப்ப, "அம்மாவ விட்டுருங்கப்பா"ன்னான். அவனுக்கும் யாரோ ஓதிவிட்டிருக்கறாங்க. கிளப்புல புதுசா வர்ற பொண்ணுகளுக்கு இப்ப அவதான் சொல்லிக் குடுக்கறாளாம். எப்படி நிக்கறது, எப்படி மூச்சு விடறதுன்னு. போகட்டும். எத்தன நாளைக்கு? ஆசை தீந்தா வருவா. வீடு தொறந்துதான் கெடக்குது. செவத்துல அந்தப் பொட்டைக்கூட நான் அழிக்கல.

என்ன கேட்டீங்க? அப்பறம் எதுக்குத் தெனமும் இங்க வந்து ஒக்கார்றேன்னா? டீ குடிக்கத்தான். ஏன், டீ குடிக்கக் கூடாதா? இது பொது எடம். இதுக்கெல்லாம் உறுப்பினரா இருக்கோணும்னு இல்லீங்களே.

இருங்க, இருங்க. விசிலு கேட்டுச்சா? முடிஞ்சு வர்ற நேரம். அந்தா வர்றா பாருங்க. நீலக் கலரு சுடிதார். சுடிதார் போடறா இப்ப, பாத்துக்குங்க. முடியக்கூடக் கொறச்சு வெட்டியிருக்கறா. கூட வர்றாளுகளே, அவளுகதான் அந்த நாலு பேரு. என்னத்தச் சொல்லிச் சிரிக்கறாளுகன்னு தெரியல. இப்பப் பாருங்க, அவ அக்கா வண்டியில ஏறி ஹெல்மெட்டு மாட்டறதுக்கு முன்னால இந்தப் பக்கம் ஒரு பார்வை பாப்பா. எப்பவும் பாப்பா.

...

போயிட்டா.

வெயிலு கண்ணுல அடிச்சிருக்கும், அதான் தெரிஞ்சிருக்காது. இந்நேரத்துக்கு அந்தக் கேட்டுக்கிட்ட நின்னா இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியாது. கண்ணு கூசும். இல்லாட்டிப் பாத்திருப்பா. பாத்திருந்தா வண்டிய நிறுத்தியிருப்பா.

என்னங்க தம்பி?

ஆமா. வெயிலு அவ முதுகுப் பக்கம்தான் இருக்குது. எம்பட கண்ணுலதான் அடிக்குது.

சரி, நீங்க கெளம்புங்க. கேட்டு சாத்திருவாங்க.